நுரையீரல் அல்ட்ராசவுண்டை எல்லோரும் ஒரே மாதிரிப் படிக்க: பாஸ்டன் ஆய்வு ஒன்றை முன்வைத்து

மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவரின் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, இல்லை மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதை டியூட்டி டாக்டர் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். நீர் என்றால் அதைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசி. சுருக்கம் என்றால் நெபுலைசரும் ஸ்டீராய்டும். ஸ்டெதஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி இரைந்து கேட்கிற நேரங்கள் உண்டு. அங்கேதான் படுக்கையோர நுரையீரல் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடிப்பதில் அதன் உணர்திறன், அதாவது நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்பது, 88%, மார்பு எக்ஸ்ரேயின் உணர்திறன் 73% என்று 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. நோய் இல்லாதவருக்கு நோய் இல்லை என்று சரியாகச் சொல்வதில் இரண்டும் ஏறக்குறைய 90% தான்.

நல்ல எண்கள்தான். ஆனால் அவை அந்த ஆய்வுகளில் ஸ்கேனைப் படித்தவர்களின் எண்கள். உங்கள் மருத்துவமனையில் இன்று இரவு ப்ரோப்பை, அதாவது மார்பில் வைக்கும் ஸ்கேன் கருவியை, பிடிப்பவர் வேறொருவர். அவரும், நாளை காலை ரவுண்ட்ஸ் வரும் மூத்த மருத்துவரும், அடுத்த நாள் ஐ.சி.யூ. மருத்துவரும் ஒரே ஸ்கேன் வீடியோ க்ளிப்பைப் பார்த்து ஒரே பதிலைச் சொல்வார்களா? சொல்லாவிட்டால் "நேற்றைவிட இன்று நீர் குறைந்திருக்கிறது" என்று கேஸ் ஷீட்டில் எழுதும் வரிக்கு அர்த்தமில்லை. குறைந்தது நீராக இருக்கலாம், மாறியது படித்தவரின் கண்ணாகவும் இருக்கலாம்.

இந்தக் கேள்வியை நேரடியாகத் தொட்ட ஒரு ஆய்வை இங்கே விரிவாகப் பார்க்கிறேன். பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த குழுவின் இந்த ஆய்வு 2024இல் வெளியானது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சித் தரவு தயாரிப்பதுதான் அதன் நோக்கம். மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு அதில் இருக்கும் பாடம் அதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

திரையில் எதைப் படிக்கிறோம்

நுரையீரல் முழுக்கக் காற்று. காற்றுக்குள் அல்ட்ராசவுண்ட் போகாது. அதனால் நாம் திரையில் பார்ப்பது பெரும்பாலும் நுரையீரலையே அல்ல. அதன் மேலுறையான ப்ளூராவில் ஒலி பட்டுத் திரும்புவதால் உருவாகும் போலி வடிவங்களைத்தான். ஒலி ப்ரோப்புக்கும் ப்ளூராவுக்கும் நடுவே திரும்பத் திரும்ப எதிரொலிக்கும்போது, சம இடைவெளியில் கிடைமட்டக் கோடுகள் வரும். அவை ஏ-லைன். அடியில் காற்று இருக்கிறது என்பதற்கு அடையாளம். நுரையீரல் திசு நீர் கோத்துத் தடித்தால் ப்ளூராவிலிருந்து செங்குத்தாக வெளிச்சக் கற்றைகள் இறங்கும். அவை பி-லைன்.

பிரான்சின் ஐ.சி.யூ. மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் 1997இல் இந்தச் செங்குத்துக் கோடுகளை நுரையீரல் திசு நோயின் அடையாளமாகக் காட்டினார். 2008இல் அவர் வெளியிட்ட, மூச்சுத்திணறலின் காரணத்தை நுரையீரல் ஸ்கேனில் படிப்படியாகக் கண்டறியும் ப்ளூ (BLUE) நெறிமுறை, கடும் மூச்சுத்திணறல் வந்த 260 நோயாளிகளில் 90.5% பேருக்குச் சரியான நோயறிதலைத் தந்தது. 2012இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வரையறையை எழுதி வைத்தார்கள். பி-லைன் ப்ளூராவிலிருந்து கிளம்ப வேண்டும். மங்காமல் திரையின் அடிவரை போக வேண்டும். மூச்சோடு ப்ளூரா நகரும்போது கூடவே நகர வேண்டும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடம் பாசிட்டிவ்.

எழுத்தில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் படிப்பவர்கள் மாறுபடுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாஸ்டனில் செய்தது

அவசரப் பிரிவில் பார்த்த 203 நோயாளிகளின் 2,384 நுரையீரல் க்ளிப்புகளைக் குழு எடுத்துக்கொண்டது. அவற்றில் 393 க்ளிப்புகளை ஆறு நிபுணர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள்: பி-லைன் இல்லை, தனித்தனியாக ஒன்றோ பலவோ இருக்கிறது, ஒன்றோடொன்று சேர்ந்து பட்டையாக இருக்கிறது. பெரும்பான்மைக் கருத்தே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சரியான விடை. அந்த 393இல் 195 பயிற்சிக்கு, 198 தேர்வுக்கு.

அப்புறம் டயக்னோஸ்அஸ் என்ற கைபேசிச் செயலியில் க்ளிப்புகளை ஒரு போட்டி போல விட்டார்கள். வேறு வேறு பின்னணியில் இருந்து வந்தவர்கள் ஒவ்வொரு க்ளிப்பாகப் பார்த்து வகையைச் சொன்னார்கள். பயிற்சிக்கான க்ளிப் என்றால் சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். எட்டு நாட்களில் 426 பேர் 99,238 கருத்துகளைக் கொடுத்தார்கள்.

தேர்வுக்கான 198 க்ளிப்புகளில் இந்தக் கூட்டத்தின் ஒருங்கிணைந்த விடை, நிபுணர் பெரும்பான்மையோடு 87.9% ஒத்துப்போனது. நிபுணர்களைத் தனித்தனியாக எடுத்தால் சராசரி 85.0%. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். தற்செயலை ஒதுக்க முடியுமா என்று சோதிக்கும் புள்ளியியல் அளவான பி மதிப்பு (p-value) 0.15. கூட்டம் நிபுணர்களைத் தோற்கடித்தது என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது.

80.8 என்ற எண்

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்தின் வெற்றியைத்தான் பேசுகிறார்கள். என் கண் வேறொரு எண்ணில் நிற்கிறது.

ஆறு பேரின் பெரும்பான்மையோடு அந்த ஆறு பேரில் ஒருவரை ஒப்பிடும்போது, அவருடைய ஓட்டும் பெரும்பான்மைக்குள்ளேயே இருக்கிறது. தன்னோடு தானே ஒத்துப்போவதும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் நேர்மையாக இதையும் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு நிபுணரையும், அவரை விட்டுவிட்டு மற்றவர்களின் பெரும்பான்மையோடு ஒப்பிட்டார்கள். 85.0 என்பது 80.8 ஆக இறங்கியது. அதே கணக்கில் கூட்டம் 87.4. இந்த முறை வித்தியாசம் தற்செயல் அல்ல.

அதாவது, இந்தத் துறையில் தேர்ந்த ஒருவர் தன் சக நிபுணர்களின் கருத்திலிருந்து ஐந்து க்ளிப்புக்கு ஒன்று வீதம் விலகுகிறார். வகைகள் மூன்றே மூன்று. அமைதியாக உட்கார்ந்து, மறுபடி ஓட்டிப் பார்க்க வசதியிருக்கும் வீடியோவில் நடந்தது இது. நள்ளிரவில் நோயாளி திமிறிக்கொண்டிருக்கும்போது அல்ல.

இந்த எண்ணை இன்னொரு ஆய்வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரேசில், சீனா, பிரான்ஸ், உருகுவே ஆகிய நாடுகளின் பத்து ஐ.சி.யூ.க்களில், நுரையீரல் ஸ்கேன் தெரியாத 100 பேரை 18 நிபுணர்கள் பயிற்றுவித்த ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டு மணி நேர வீடியோ பாடம், பிறகு நிபுணர் மேற்பார்வையில் 25 ஸ்கேன். ஒவ்வொரு ஐந்து ஸ்கேனுக்குப் பிறகும் ஒரு புதிய நோயாளியின் 12 நுரையீரல் பகுதிகளைப் பயிற்சி பெறுபவரும் நிபுணரும் தனித்தனியாக வகைப்படுத்த வேண்டும். 25 முடிந்தபோது பயிற்சி பெற்றவர்கள் 80% பகுதிகளைச் சரியாக வகைப்படுத்தினார்கள்.

இரண்டு ஆய்வுகளின் வகைகளும் நோயாளிகளும் வேறு. எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். 80% வாங்கிய பயிற்சி மருத்துவரை "இன்னும் 20% கற்க வேண்டும்" என்று நாம் திருப்பி அனுப்பினால், அந்த 20%இல் எத்தனை அவருடைய தவறு, எத்தனை நிபுணர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளாத இடம்? எடைக்கல்லே ஆடிக்கொண்டிருந்தால் தராசைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்று அளக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான பயிற்சிகள் இதைச் செய்யாமலேயே தொடங்கிவிடுகின்றன.

பிசகு எங்கே

கூட்டமானாலும் நிபுணரானாலும், அதிகம் மாறுபட்டது தனித்தனி பி-லைன் உள்ள க்ளிப்புகளில்தான். பி-லைனே இல்லாத திரை கண்ணுக்குத் தெளிவு. வெள்ளைப் பட்டையாகிவிட்ட திரையும் தெளிவு. நடுவில் இருப்பதற்கு இரண்டு பக்கமும் எல்லை இருக்கிறது. எந்தப் பக்கம் சறுக்கினாலும் தவறுதான்.

சறுக்கலுக்குக் காரணங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ப்ளூராவிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே மங்கிப்போகும் கோடுகள் உண்டு, அவை இசட்-லைன். ஏ-லைனை அழிக்காது, நோயும் அல்ல. புதிதாகப் படிப்பவர் அதையும் எண்ணிவிடுவார். தோலுக்கடியில் காற்று கசிந்திருந்தால் ப்ளூராவுக்கு மேலிருந்தே செங்குத்துக் கோடுகள் கிளம்பும். விலா எலும்பின் நிழலைப் பார்த்து ப்ளூரா எங்கே என்று முதலில் உறுதி செய்யாதவர் அங்கே ஏமாறுவார். மூச்சு உள்ளே போகும்போது இரண்டு கோடு, வெளியே வரும்போது நான்கு கோடு தெரியும் க்ளிப்பில் எந்த நொடியை எண்ணுவது? முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் ஆளுக்கொரு நொடியை எடுப்பார்கள். அகலமான ஒரு கோடு உண்மையில் ஒன்றா, ஒட்டிக்கொண்ட மூன்றா? இதற்கு வரையறையில் விடை இல்லை. பயிற்சியாளர்கள் உட்கார்ந்து ஒரு விதியை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பட்டையாகச் சேர்ந்துவிட்டால் எண்ணுவதை விட்டுவிட்டு, இடைவெளியில் எவ்வளவு பங்கை வெள்ளை மூடியிருக்கிறது என்று மதிப்பிடும் முறையும் இதனால்தான் வந்தது.

எல்லா மாறுபாடும் ஒரே விலை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூஜ்யமா ஒன்றா என்று இருவர் சண்டை போட்டால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. 2012 வரையறைப்படி இரண்டுமே நெகட்டிவ். இரண்டா மூன்றா என்பதில் சிகிச்சையே மாறலாம். பாஸ்டன் ஆய்வின் மூன்று வகைகளில் "ஒன்றோ பலவோ" ஒரே கூடைக்குள் இருக்கிறது. கணினிக்குக் கற்றுக்கொடுக்க அது போதும். மருத்துவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது மூன்று என்ற எல்லையைச் சுற்றியுள்ள க்ளிப்புகளைத்தான் அதிகம் சேர்க்க வேண்டும்.

சதவீதம் ஏமாற்றும்

"எங்கள் துறையில் 90% ஒத்துப்போகிறோம்" என்று யாராவது சொன்னால், எத்தனை க்ளிப் நார்மல் என்று கேளுங்கள். நூற்றில் தொண்ணூறு நார்மல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் திரையையே பார்க்காமல், தொண்ணூறு முறை "நார்மல்", பத்து முறை "நோய்" என்று குத்துமதிப்பாகச் சொன்னாலும் 82% ஒத்துப்போவார்கள்: 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81, 0.1ஐ 0.1ஆல் பெருக்கினால் 0.01. இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவைக் கொடுத்தார். 90%க்கும் 82%க்கும் உள்ள வித்தியாசமான 8ஐ, மிச்சம் சாத்தியமான 18ஆல் வகுத்தால் கப்பா 0.44. பலரும் பயன்படுத்தும் 1977ஆம் ஆண்டு அளவுகோலில் இது வெறும் நடுத்தர ஒற்றுமை. 90% என்று காதில் விழும்போது இருந்த நிம்மதி போய்விடுகிறது.

கப்பாவுக்கும் ஒரு சங்கடம் உண்டு. ஏறக்குறைய எல்லா க்ளிப்பும் ஒரே வகையாக இருந்தால், நன்றாக ஒத்துப்போகிறவர்களுக்கும் அது கீழே விழும். அதனால் ஒற்றை எண்ணை மட்டும் பார்க்காமல், யார் எந்த வகையை எந்த வகையாக மாற்றிச் சொன்னார் என்ற கட்டத்தை அப்படியே போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மருத்துவர் எப்போதும் கூட்டியே சொல்கிறாரா, குறைத்தே சொல்கிறாரா என்பது அதில் பட்டெனத் தெரியும். கூட்டிச் சொல்பவருக்கும் குறைத்துச் சொல்பவருக்கும் ஒரே பாடத்தை நடத்துவது வீண்.

மெஷினும் ஒரு வாசகர்தான்

படிப்பவரைத் திருத்துவதற்கு முன் படத்தைத் திருத்த வேண்டும். இன்றைய மெஷின்கள் படத்தை அழகாக்க நிறைய வேலை செய்கின்றன. பல கோணங்களில் இருந்து ஒலியை அனுப்பி ஒன்றாகச் சேர்க்கும் வசதி, போலி வடிவங்களை அழிப்பதற்காகவே வைக்கப்பட்டது. நமக்கு வேண்டியதோ அந்தப் போலி வடிவங்கள்தான். அது ஆன் ஆகியிருந்தால் பி-லைன் கலங்கிப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினை ஏற்றினால் ஒன்றுமில்லாத இடமும் வெளுக்கும். ஃபோகஸை ப்ளூராவுக்குக் கீழே தள்ளினாலும் கோட்டின் தோற்றம் மாறும். தட்டை முகமுள்ள லீனியர் ப்ரோப்பில் தெரிவதும் வளைந்த முகமுள்ள கான்வெக்ஸ் ப்ரோப்பில் தெரிவதும் ஒன்றல்ல.

2020இல் கொரோனா இத்தாலியைப் புரட்டிப்போட்டபோது, ஜீனோ சோல்டாட்டியும் லிபர்டாரியோ டெமியும் அவர்களது சகாக்களும் ஒரு தரப்படுத்தல் முறையை வெளியிட்டார்கள். மார்பில் 14 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், ஒவ்வொரு இடத்திலும் 10 நொடி வீடியோ. அதில் நான் மதிப்பது மதிப்பெண் பகுதியைவிட மெஷின் அமைப்புப் பகுதியைத்தான். ஒற்றை ஃபோகஸ், அது ப்ளூராவின் மேல். படத்தை மெருகேற்றும் வடிகட்டிகள் வேண்டாம். வெளிச்சம் தெவிட்டிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்தார்கள். மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த வாரங்களில் இதையெல்லாம் நின்று எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பயிற்சியின் முதல் நாள், அந்தத் துறையில் இருக்கும் எல்லா மெஷினிலும் நுரையீரலுக்கென ஒரே அமைப்பைச் சேமித்து வைப்பதில்தான் போக வேண்டும்.

பாஸ்டனிலிருந்து பயிற்சி அறைக்கு

அந்தச் செயலியில் கற்றவர்களுக்கு விரிவுரை நடத்தி யாரும் நிபுணர் ஆக்கவில்லை. க்ளிப், பதில், உடனடித் திருத்தம், அடுத்த க்ளிப். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடந்ததுதான் பாதிப் பலன். இன்னொரு பாதி, பல பேரின் கருத்தைச் சேர்க்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபடும் சறுக்கல்கள் ஒன்றையொன்று தின்றுவிடுவது. இதில் இரண்டாவது பாதி படுக்கையோரத்தில் கிடைக்காது. அங்கே இருப்பது ஒரே ஒரு மருத்துவர். ஆகவே இந்த ஆய்வைக் காட்டி "யார் வேண்டுமானாலும் எட்டு நாளில் படித்துவிடலாம்" என்று சொல்வது தப்பு. 87.9% என்பது கூட்டத்தின் எண், அதில் இருந்த தனி ஒருவரின் எண் அல்ல.

முதல் பாதியை எந்தத் துறையும் எடுத்துக்கொள்ளலாம். செயலிகூடத் தேவையில்லை, பெயர், வயது, தேதி எல்லாம் நீக்கிய க்ளிப்புகளும் ஒரு தாளும் போதும். மூத்தவர்கள் மூன்று பேராவது, ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல், முதலில் படிக்க வேண்டும். அவர்கள் ஒத்துப்போன க்ளிப்புகள் பயிற்சிக்கு. ஒத்துப்போகாதவற்றைத் தூக்கி எறியக் கூடாது, அவைதான் பொக்கிஷம். அவற்றை வைத்து ஒரு கூட்டம் போட்டு, ஓட்டு எடுக்காமல் காரணம் கேட்க வேண்டும். ப்ளூரா எங்கே என்று காட்டுங்கள், கோடு அங்கிருந்து கிளம்புகிறதா, அடிவரை போகிறதா, ஏ-லைனை அழிக்கிறதா, எந்த நொடியில் எண்ணினீர்கள்? பெரும்பாலான மாறுபாடு இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் வந்து நின்றுவிடும். அங்கே எடுக்கும் முடிவை ஒரு வரியாக எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடலாம்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். தலைமை மருத்துவர் முதலில் "இது பி-லைன்தான்" என்று சொல்லிவிட்டால் முதுநிலை மாணவர்கள் எல்லோரும் "ஆமாம் சார்" என்பார்கள். அது ஒற்றுமையே அல்ல. நம் ஊர் மருத்துவமனைகளில் இதை விதியாகவே வைக்க வேண்டும்.

க்ளிப் வைத்துப் பழகுவதில் இந்தியாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் மெஷின்கள் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய மெஷின்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அந்தச் சட்டம் வந்த காரணம் முற்றிலும் நியாயமானது. ஆனால் மெஷினைப் பயிற்சிக்காக நினைத்த இடத்துக்கு எடுத்துப்போக முடியாது என்பதால், கண்ணைப் பழக்குவதை வகுப்பறையில் க்ளிப்பில் முடித்துவிட்டு, கையைப் பழக்குவதை மட்டும் வார்டில் வைத்துக்கொள்வது இங்கே ரொம்பப் பொருந்தும்.

ஆய்வு தொடாத இடங்கள்

நிபுணர்களின் பெரும்பான்மை உண்மைக்குச் சமம் அல்ல. சி.டி.யோடோ நோயாளியின் போக்கோடோ ஒப்பிடாதவரை, ஆறு பேரும் சேர்ந்தே தவறாகப் படித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பி-லைன் நீருக்கு மட்டும் வருவதும் அல்ல, நிமோனியா, ஏ.ஆர்.டி.எஸ். என்ற கடும் நுரையீரல் பாதிப்பு, நுரையீரல் தழும்பு நோய் எல்லாவற்றிலும் வரும். எண்ணிக்கையில் ஒத்துப்போன இருவர் காரணத்தில் பிரியலாம். ப்ளூரா சீராக இருக்கிறதா, கரடுமுரடாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று படிப்பது தனிப் பயிற்சி.

அதைவிட முக்கியம், இங்கே எல்லோரும் படித்தது வேறொருவர் எடுத்த க்ளிப்பை. வார்டில் ஒரே நோயாளியை இருவர் தனித்தனியாக ஸ்கேன் செய்தால், ப்ரோப்பை ஒரு விலா தள்ளி வைப்பது, சாய்த்துப் பிடிப்பது என்று புதிய மாறுபாடு சேரும். அதை அளக்க, அரை மணி நேர இடைவெளிக்குள், மருந்து எதுவும் மாறாத நிலையில், இருவர் ஒருவர் விடையை ஒருவர் அறியாமல் அதே நோயாளியைப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே க்ளிப்புகளை வரிசை மாற்றி அதே ஆளிடம் கொடுத்து, தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறார் என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு அளவும் கையில் இருக்கும் துறை, "பி-லைன் 14லிருந்து 9ஆகக் குறைந்தது" என்ற வரியில் எவ்வளவு நோயாளியுடையது, எவ்வளவு படித்தவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியும். அதுவரை கேஸ் ஷீட்டில் எண்ணோடு கூடவே, எந்த மெஷின், எந்த ப்ரோப், எந்த இடம், நோயாளி படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, யார் பார்த்தது என்பதையும் எழுதி, க்ளிப்பைச் சேமித்து வைக்க வேண்டும்.